தேங்காய்க்கு ஒரு தொப்பி

“இன்னாண்ணே, தேங்காய்க்கு ஜொரமா?”

டில்லி ஹால் வாசலிலேயே நின்றுவிட்டான். கையில் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் கேன். பார்வை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் உச்சியில்.

அங்கே ஒரு முழுத் தேங்காய் சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. குடுமி மறையும்படி அதன் தலையில் இளம்பச்சைப் பருத்தி நூலில் பின்னிய தொப்பி. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, கல்யாண பேண்டு வாசிக்கிறவர் சாய்த்து வைத்துக்கொண்ட தொப்பி மாதிரி இருந்தது.

“ஜுரம் இல்லடா. சும்மா போட்டு வெச்சிருக்கு.”

“சும்மாவா? கலசத்துக்கு மஞ்சா பூசுவாங்க, நூலு சுத்துவாங்க, பாத்துகீறேன். தேங்காய்க்கு ஸ்வெட்டர் போட்டு இப்பதாண்ணே பாக்கறேன். அதுவும் இந்தப் புழுக்கத்துல!”

“நீ இன்வெர்ட்டரைப் பாரு.”

அவன் நகரவில்லை. “உன் கைல இன்னாண்ணே அது?”

“டெஸ்டர்.”

“டெஸ்டருக்கு ஏண்ணே மூக்கு வளைஞ்சிகீது?”

கையிலிருந்த குரோஷா பின்னல் ஊசியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். கிழக்குத் தாம்பரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருப்பவன் நான். டில்லி என் கடையில் வெகுநாளாக வேலை பார்க்கிறவன். வாடிக்கையாளர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் இருவரிடமும் பதில் உண்டு. தெரியாவிட்டால்கூடப் பதில் உண்டு. ஆனால் அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பதிலை எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று இருந்தது.

தொப்பி தேங்காய்க்கு இல்லை. உள்ளறையில் படுத்திருந்த என் மகள் மலர் கர்ப்பமாக இருந்தாள். பிறக்காத குழந்தைக்கு எதுவும் வாங்கக்கூடாது, தைக்கக்கூடாது, பின்னக்கூடாது.

படப்பையிலிருந்து ஒரு கேள்வி

கடையை முதன்முதல் திறந்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் பாதியில் விட்டிருந்தேன். அது அங்கேயே இருக்கட்டும், ஓடிப்போகாது. இடையில் படப்பையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குரோஷா கற்றுக்கொள்கிறாராம். “பிரித்துப் பிரித்துப் போட்டே நூல் நைந்துவிட்டது. எனக்கு வராதுபோல் இருக்கிறது. விட்டுவிடட்டுமா, அண்ணா?” என்று கேட்கிறார்.

பேட்டரிக்காரனிடம் இதை ஏன் கேட்டார் என்று முதலில் குழம்பினேன். எப்போதோ ஒரு வாரம், நானும் ஊசி பிடித்திருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு வரி எழுதினால் ஒன்பது வரி கேட்பார்கள் என்று டில்லி சொல்வான்.

சகோதரி, உங்களுக்குப் பிரித்துப் பிரித்துப் பிரச்சினை. எங்கள் வீட்டில் அதற்கு நேர்மாறு. அங்கே ஒருத்தி ஒரு கண்ணியைக்கூடப் பிரிக்க மாட்டேன் என்று இருந்தாள். அதைச் சொல்கிறேன். உங்களுக்குப் பயன்படுமா தெரியவில்லை. எனக்கே அது இன்னும் முழுசாகப் புரிந்த பாடில்லை.

மஞ்சள் ஃப்ராக்

மலருக்கும் மாப்பிள்ளை பிரபுவுக்கும் பள்ளிக்கரணையில் குடித்தனம். பிரபுவுக்குக் காட்டாங்குளத்தூரில் கல்லூரி அலுவலக வேலை.

முதல் தடவை மலர் உண்டாகியிருந்தபோது வாயெல்லாம் சிரிப்பு. குரோம்பேட்டைக்குப் போனவள் ஒரு கடையில் குட்டி மஞ்சள் ஃப்ராக் ஒன்றைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு வாங்கிவந்தாள். முன்பக்கம் வாத்துப் படம். மடித்தால் என் உள்ளங்கைக்குள் அடங்கும்.

அந்தக் குழந்தை தங்கவில்லை.

டாக்டர் காரணம் சொன்னார். இது பலருக்கும் நடப்பது, யார் செய்த தப்பும் இல்லை என்றார். ஆனால் டாக்டர் சொல்வது காதோடு நிற்கும். அக்கம்பக்கம் சொல்வது அடிவயிற்றுக்குப் போகும். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர், “மொதல்லயே துணி வாங்கிட்டீங்களாமே” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைத்ததுபோல என்பார்கள். அந்தப் பேச்சைக் கேலிக்குச் சொல்வது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது.

மறுபடி உண்டானதும் டாக்டர் மலரைப் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். என் மனைவி வசந்தா வீட்டுக்குள் “குழந்தை” என்ற சொல்லையே ஒளித்து வைத்துவிட்டாள். “அது”, “நல்லபடியா ஆகட்டும்”, “அப்புறம் பாத்துக்கலாம்.” எல்லாம் இந்த அளவில்தான்.

ஒரு நாள் மலர் என்னைக் கூப்பிட்டாள். ஜன்னலுக்கு வெளியே விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது.

“அப்பா, அந்த ஃப்ராக்கை வாங்காம இருந்திருந்தா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

“நிஜமாவா?”

“நிஜமா.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரி ஒரு வருஷம் தாங்குமா என்று கேட்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

எதிர் எதிரே உட்கார்ந்தால்

படுத்தே கிடப்பவளுக்குப் பொழுது போக வேண்டுமே. போனில் குரோஷா வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். தாம்பரம் மார்க்கெட் பக்கத்துத் தையல் சாமான் கடையில் ஊசியும் நூலும் வாங்கிவரச் சொன்னாள். உல்லன் நூல் கேட்டேன். கடைக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, “ஊட்டிக்கா போறீங்க சார்? காட்டன் எடுத்துக்குங்க, கை வேர்க்காது” என்றார். சரிதான். உல்லனை மடியில் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் உட்கார்ந்தால் பாதி நேரம் விசிறிக்கொள்வதற்கே போய்விடும்.

தனியாகச் செய்தால் அலுப்பாக இருக்கிறது, நீங்களும் போடுங்கள் என்றாள். பேட்டரித் திராவகம் பட்டுத் தடித்துப்போன என் விரலில் அந்த ஊசி அகப்படவே ஒரு வாரம் ஆயிற்று.

அவள் கட்டில் சுவரோரம். நாற்காலி போட எதிரில்தான் இடம். அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அவள் கையைப் பார்த்துப் பார்த்து அப்படியே செய்தேன். கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவுகிற மாதிரி. சந்தேகம் எதுவும் வரவில்லை.

ஒரு நாள் நான் பாதியில் வைத்த வட்டத்தை எடுத்து மலர் தொடர்ந்து போடப் பார்த்தாள். ஊசியைத் திருப்பினாள். நூலைத் திருப்பினாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, நீங்க எந்தக் கையால போடறீங்க?”

பார்த்தேன். இடது கை! சாப்பிடுவது, எழுதுவது, ஸ்குரூ முடுக்குவது எல்லாம் வலது கையால் செய்கிற நான், குரோஷாவை மட்டும் இடது கையால் கற்றுக்கொண்டிருக்கிறேன். என் பின்னல் ஒரு திசையில் சுற்றுகிறது, அவள் பின்னல் மறு திசையில். தாம்பரம் ஸ்டேஷனில் ஒரே பிளாட்பாரத்தில் நின்று, நான் பீச் வண்டியிலும் அவள் செங்கல்பட்டு வண்டியிலும் ஏறின கதை.

வலது கைக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரு கண்ணிகூட வரவில்லை. சரி, இந்தக் கைக்கு இதுதான் எழுத்து என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் இடது கைதான். கற்றுக்கொள்கிறவர்கள் கேட்டால் சொல்வேன்: சொல்லித்தருகிறவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எதிரில்தான் இடமென்றால், அதுவும் ஒரு வழிதான். நூலுக்கு வலது இடது தெரியாது.

நான் போட்ட முதல் கைக்குட்டை வரிக்கு வரி ஒடுங்கிக் கடைசியில் சமோசா ஆயிற்று. ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டேனாம். அதைக் கண்டுபிடித்தது வசந்தா. அவள் வயசில் பாதியை ஒயர் கூடை பின்னியே கழித்தவள். இந்த நூல் பக்கம் மட்டும் வரமாட்டாள். கதவோரமாகத் துணி மடிக்கிற சாக்கில் நின்றுகொண்டு, எங்கோ பார்த்தபடி, “ஓரத்துக் கண்ணியை விட்டாச்சு” என்பாள். யாரிடம் சொன்னாள் என்றே தெரியாது. பிறகு வரியின் முதல் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்தி வைக்கப் பழகினேன். ஊக்கு வந்தால் வரி முடிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குக் கூடத்தில் ஒரு அடையாளம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தேங்காய் வந்த விதம்

கைக்குட்டை, டம்ளர் மூடி என்று போய்க்கொண்டிருந்த மலர், ஒரு நாள் வட்டமாக ஏதோ ஆரம்பித்தாள். உச்சியில் சின்ன வளையம். சுற்றுக்குச் சுற்று கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனால் அப்பளம் மாதிரி விரியும். கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராகப் போட்டால் கிண்ணம் மாதிரி இறங்கும். எனக்கு அளவுக்கு மேல் கூடிப்போய், எண்ணெயில் விழுந்த அப்பளம்போல் அலை அலையாக நெளிந்தது. அவளுக்குச் சரியாக இறங்கியது.

இறங்கி முடிந்தபோதுதான் அது என்ன என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

வசந்தா கதவோரத்தில் கையில் மடித்த புடவையோடு அசையாமல் நின்றாள்.

“யாருக்குடி இது?”

மலர் தலை நிமிரவில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, அடுப்படிக்கு ஓடினேன். கூடையில் இருந்த தேங்காயை எடுத்துவந்தேன். தொப்பியை வாங்கி அதன் தலையில் மாட்டினேன்.

“தேங்காய்க்கு” என்றேன்.

வசந்தா தேங்காயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பைத்தியமா என்று அவள் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. “கீழ விழுந்து உருளாம வெய்யுங்க” என்று சொல்லிவிட்டு ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

எனக்கு இன்றுவரை விளங்காத இடம் இதுதான். மகளிடம் அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொன்னவன் நான். பிறகு எதற்காகத் தேங்காயைத் தேடி ஓடினேன்? வாய்க்கு நம்பிக்கை இல்லை, காலுக்கு இருந்ததா? பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அன்றைக்கு நான் பதறின பதற்றத்தில்தான் அந்தக் காரியம் சிதறாமல் இருந்தது என்றும் சொல்லலாம். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் குழப்பம்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பின்னியது எல்லாம் தேங்காய்க்குத்தான். வேலையில்லாத தேங்காய்க்கு விதவிதமாகத் தொப்பி.

பிரிக்க மாட்டேன்

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மலர் தப்புப் போட்டால் பிரிக்க மாட்டாள். குரோஷாவில் பிரிப்பதைப் போலச் சுலபம் எதுவும் இல்லை. ஊசியை உருவி, நூலை இழுத்தால் போதும், விறுவிறுவென்று வந்துவிடும். தப்பின இடம் வரை பிரித்து மறுபடி போடலாம். நூல் நூலாகவே இருக்கும்.

அவள் அதைச் செய்யமாட்டாள். கோணினால் கோணலாகவே முடித்து முடிச்சுப் போடுவாள். இல்லையென்றால் நூலை வெட்டி அப்படியே எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவாள். கட்டிலுக்கடியில் ஒரு பை நிறைய அரைத் தொப்பி, கால் தொப்பி.

“ரெண்டு வரி பிரிச்சா சரியாயிடும்மா. குடு, நான் பிரிச்சுத் தரேன்.”

சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “வேணாம்ப்பா.”

“நூல்தானே?”

“பிரிக்கும்போது பாத்திருக்கீங்களா? இருந்துது, அப்புறம் இல்ல. அவ்ளோதான். என்னால அதைப் பாக்க முடியாதுப்பா.”

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

நாடா எதற்கு?

வளைகாப்பை விமரிசையாகச் செய்ய வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா தேவகி மட்டும் ஒரு காலை வேளையில் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ரயிலேறி வந்தார். கையில் கண்ணாடி வளையல், கட்டுசாதக் கூடை, நரசிம்மர் கோயில் பிரசாதம். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்துக்காரக் குடும்பம். கறாரான மனுஷி. சாஸ்திரம் என்றால் ஒரு நூல் இப்படி அப்படி விடமாட்டார்.

அவர் வருவதற்குள் தொப்பி எல்லாவற்றையும் வசந்தா வாஷிங் மெஷினுக்குள் ஒளித்துவிட்டாள். ஃபிரிட்ஜ் தலை காலி. ஆனால் முந்தின நாள் மலர் முடித்த புதுத் தொப்பியோடு ஒரு தேங்காய் ஜன்னல் திட்டில், திரைக்குப் பின்னால் இருந்ததை யாரும் நினைக்கவில்லை.

தேவகி மலரைக் கட்டிலிலேயே உட்காரவைத்து, சந்தனம் பூசி, வளையல் அடுக்கினார். முடித்துவிட்டுக் காற்று வரட்டும் என்று திரையை விலக்கினார்.

“இன்னா மலரு இது?”

வசந்தா முந்திக்கொண்டாள். “தேங்காய்க்குங்க அண்ணி” என்றாள். அவள் வாயிலிருந்து அந்தப் பொய் வந்தது அதுதான் முதல் தடவை.

“தேங்காய்க்கா?” தேவகி அதைக் கையில் எடுத்தார். உருட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் தொங்கிய பின்னல் கயிற்றை விரலில் சுற்றிப் பார்த்தார். “சரி, தேங்காய்க்குத் தாடை எங்க கீது, நாடா கட்டறதுக்கு?”

“காத்துல பறந்துடாம...” என்று ஆரம்பித்தேன்.

“வூட்டுக்குள்ள இன்னா காத்து சம்பந்தி?”

மலர் உடைந்துவிட்டாள். “அத்தை, நான் எதுவும் வாங்கல அத்தை. சத்தியமா இந்தத் தடவ கடைக்கே போகல. சும்மா நூல்தான். வேணாம்னா எடுத்துப் போட்டுடறேன்...”

தொப்பியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்; கண்ணாடி வளையல்கள் கலகலத்தன.

தேவகி நாற்காலியில் உட்கார்ந்தார். தேங்காயை மடியில் வைத்துக்கொண்டார்.

“வாங்கினதாலதான் போச்சுன்னு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. எனக்கே...”

தேவகி தொப்பியைத் தடவியபடி சொன்னார்.

“பிரபுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு இருந்துச்சு. அவனுக்குத் தெரியாது. நான் ஒரு துணி வாங்கல. பழைய வேட்டியக்கூட கிழிச்சு வெக்கல. பேரு யோசிக்கல. வயித்துல கைய வெச்சு ஒரு வார்த்த பேசினது இல்ல, கண்ணு பட்டுடும்னு. சொன்னத எல்லாம் கேட்டேன் மலரு. அதுவும் தங்கல.”

வெளியே விமானம் ஒன்று தாழப் பறந்து போயிற்று. அது போகும்வரை காத்திருந்தார்.

“நான் ஒண்ணுமே செய்யாததாலதான், ஒரு வார்த்த பேசாததாலதான் அது கோச்சிகினு போயிடுச்சின்னு இத்தினி வருசமா நெனச்சிகினு கீறேன். நீ என்னடான்னா, செஞ்சதால போச்சுன்றே. ரெண்டுல எதுடி?”

மலர் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். நானும் பார்த்தேன். ரெண்டுல எது? எனக்கு அது கேள்வியா பதிலா என்றே புரியவில்லை.

“ரெண்டும் இல்ல போலகீது” என்று தேவகி தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு நாடாவை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். “இது நீளம் ஜாஸ்தி. கொழந்தை கைல சுத்திக்கும். கொறச்சுப் போடு.”

குழந்தை! எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் அத்தனை மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நுழைந்தது. வசந்தா மளமளவென்று அடுப்படிக்குப் போனாள். சட்னி அரைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மிக்ஸி வெறுமனே ஓடுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகும்

அன்றோடு பயமெல்லாம் பறந்துவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பறக்கவில்லை. வசந்தா கடைசிவரை கடையில் ஒரு துணி வாங்கவில்லை. தேவகியும் வாங்கச் சொல்லவில்லை. மலர் பின்னிக்கொண்டுதான் இருந்தாள். வளையலில் நூல் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அலுத்துக்கொண்டாள். தப்பினாலும் பிரிக்க மட்டும் மாட்டாள். தேங்காய் மறுபடி ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டுங்க, அது பாட்டுக்கு” என்றாள் வசந்தா.

நம்புவதா, விடுவதா என்று எனக்கு இன்றும் அடித்துச் சொல்லத் தெரியாது. இரண்டு எண்ணமும் ஒரே வீட்டில், ஒரே மண்டையில் குடியிருந்தன. வாடகைக்குப் பக்கத்துப் பக்கத்து போர்ஷனில் இருக்கிறவர்கள் மாதிரி, ஒன்றை ஒன்று பார்த்தும் பார்க்காமலும்.

படப்பைச் சகோதரி, உங்கள் கேள்வி மறந்துவிடவில்லை. கை வேர்த்தால் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொள்ளுங்கள். நூலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். புதுசில் எல்லோரும் பேருந்துக் கம்பியைப் பிடிக்கிற மாதிரிதான் பிடிப்போம், போகப் போகத் தளரும். நைந்துபோன நூலைத் தூர வைத்துவிட்டு வேறு உருண்டை எடுங்கள். அழகாக வருகிறதா என்று தினமும் பார்க்காதீர்கள். பார்ப்பதற்கு வேறு ஆட்கள் வருவார்கள், வந்து தேங்காய்க்கு ஜுரமா என்றும் கேட்பார்கள். எங்களுக்கே குரோஷா வந்தது என்றால் உங்களுக்கு வராமல் போகாது.

பிரிப்பதைப் பற்றி மட்டும் நான் சொல்ல முடியாது. அதை மலர்தான் காட்டினாள்.

சித்திரை வெயிலில்

நாள் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது. ஆபரேஷன். வராந்தாவில் பிரபு நடந்த நடைக்குத் தரை தேய்ந்திருக்கும். பெண் குழந்தை, சின்ன உருவம், ஆனால் குரலுக்குக் குறைச்சல் இல்லை. நல்லபடியாக இருக்கிறாள் என்று டாக்டர் வந்து சொன்னார். தேவகி உடனே தன் பையைத் திறக்க ஆரம்பித்துவிட்டார்.

தேவகி கொண்டுவந்த, துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டித் துணியில்தான் குழந்தையை முதலில் சுற்றினார்கள். அது முறை. மறுநாள், மலர் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்ததும், “அப்பா, அது” என்றாள். பையிலிருந்து நாடா வைத்த தொப்பியை எடுத்துக் கொடுத்தேன். தேவகி சொன்னபடி நாடாவைக் குறைத்துப் புதிதாகப் போட்டதுதான்.

குழந்தைக்கு மாட்டினாள்.

தொப்பி நெற்றியைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, மூக்கைத் தாண்டித் தாடையில் போய் நின்றது. உள்ளேயிருந்து ஒரு தும்மல் வந்தது.

முதலில் சிரித்தது வசந்தாதான். அப்புறம் தேவகி. “தேங்காய வெச்சு அளவெடுத்தா வேற எப்பிடி இருக்கும்?” என்றார். எட்டிப் பார்த்த நர்ஸ், “இந்த வெயில்ல எதுக்கும்மா தொப்பி, கழட்டுங்க” என்று அதட்டிவிட்டு அவரும் சிரித்தார்.

“சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலரும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதைத் திருப்பி, ஓரத்தில் இருந்த முடிச்சை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. பல்லால் கடித்தாள். அவிழ்ந்தது.

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். “மலரு, வேணாம்மா. அப்படியே இருக்கட்டும். வளர்ந்தப்புறம் போட்டுக்கலாம்.”

“இருங்கப்பா.”

நூலை இழுத்தாள். விறுவிறுவென்று வந்தது. நாடா போயிற்று, ஓரம் போயிற்று, சுற்றுச் சுற்றாகத் தொப்பி கரைந்துகொண்டே வந்தது. சுருள் சுருளாக நூல் படுக்கை விரிப்பின்மேல் குவிந்தது. அவள் கண்ணை எடுக்காமல் கடைசிக் கண்ணிவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். உச்சி வளையமும் அவிழ்ந்து, கையில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

பிறகு அந்த நூலின் நுனியை எடுத்துத் தூங்கும் குழந்தையின் தலையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தாள். நுனியும் நூலும் சேர்ந்த இடத்தை நகத்தால் பிடித்து, என்னிடம் தூக்கிக் காட்டினாள்.

“இவ்ளோதான்ப்பா” என்றாள்.